அறிவியல், டெக்னாலஜி, நியாயம்: அடிக்கடி வர்ற கேள்விகள்

ஜீன், ஏஐ, டேட்டா, எதைப் பத்தி பேச ஆரம்பிச்சாலும் கடைசியில வர்ற சந்தேகங்கள் என்னவோ அதேதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை ஓய்ஞ்சு போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுடுறேன். கேள்விகளை கேட்டவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். சில பதில்ல முன்னாடி சொன்னதை நம்பர் போட்டு காட்டியிருப்பேன், மேல போய் ஒரு தடவை பாத்துக்கோங்க.

1. அறிவியல்னா உண்மையை கண்டுபிடிக்கிறது, அவ்ளோதானே? இதுல நியாயம் அநியாயம் எங்க இருந்து வருது?

தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்ங்கிறதுல நியாயமும் இல்ல அநியாயமும் இல்ல, அது சரி. ஆனா ஒரு உண்மையை யார் உடம்பை வெச்சு கண்டுபிடிச்சாங்க, யார் பணத்துல கண்டுபிடிச்சாங்க, கண்டுபிடிச்சதை யார் கையில குடுத்தாங்க, இதெல்லாம் மனுஷங்க எடுக்குற முடிவு. அங்கதான் கேள்வி வருது.

அமெரிக்காவுல டஸ்கீகின்னு ஒரு ஊர். 1932-ல அரசாங்கத்தோட சுகாதாரத்துறையே அங்க ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சுது, சிஃபிலிஸ்ங்கிற பால்வினை நோய்க்கு வைத்தியமே பாக்காம விட்டா உடம்பு என்ன ஆகும்னு பாக்குறதுக்கு. 600 கறுப்பின ஆண்கள், அதுல 399 பேருக்கு நோய் இருந்துச்சு. அவங்ககிட்ட நோயோட பேரைக்கூட சொல்லல, "கெட்ட ரத்தம், அதுக்கு வைத்தியம் பாக்குறோம்"னு சொல்லி வெச்சாங்க. 1940-கள்ல பென்சிலின் வந்து, இந்த நோய்க்கு மருந்து இதுதான்னு எல்லா டாக்டருக்கும் தெரிஞ்ச பிறகும் இவங்களுக்கு மட்டும் குடுக்கல. 1972-ல பத்திரிகையில செய்தி வந்த பிறகுதான் நிறுத்துனாங்க. எழுதி வெச்ச டேட்டா எல்லாம் உண்மையான டேட்டாதான். அதனால அது சரியாயிடுமா?

2. கத்தியால காயும் வெட்டலாம் கழுத்தையும் வெட்டலாம். டெக்னாலஜி மேல என்ன தப்பு, யூஸ் பண்றவன் மேலதானே தப்பு?

இந்த கத்தி உதாரணம் எல்லார்கிட்டயும் ரெடியா இருக்கு. சில விஷயத்துக்கு பொருந்தும். ஃப்ரிட்ஸ் ஹாபர்னு ஜெர்மன் விஞ்ஞானி, காத்துல இருக்குற நைட்ரஜனை அமோனியாவா மாத்துற வழியை கண்டுபிடிச்சார், அதுல இருந்து வந்த உரத்தை நம்பித்தான் இன்னைக்கு உலக ஜனத்துல கிட்டத்தட்ட பாதிப்பேர் சாப்பிடுறாங்கன்னு கணக்கு சொல்றாங்க. அதே மனுஷன்தான் 1915 ஏப்ரல் 22 அன்னைக்கு முதல் உலகப் போர்ல, பெல்ஜியத்தோட ஈப்ர போர்க்களத்துல குளோரின் வாயுவை திறந்துவிட்ட வேலைக்கும் பொறுப்பா நின்னார். ஒரே மூளை, ரெண்டு முடிவு. சரி, இதுக்கு கத்தி ஓகே.

ஆனா ஈயம் கலந்த பெட்ரோலை எடுத்துக்கோங்க. இன்ஜின் தட்டாம ஓடணும்னு 1921-ல கண்டுபிடிச்சது. ஈயம் விஷம்னு அதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே தெரியும், அந்த ஆலைகள்ல வேலை பாத்த தொழிலாளிங்க செத்தும் போனாங்க, அப்படியும் வித்தாங்க. கடைசி நாடா அல்ஜீரியா நிறுத்துனது 2021-ல. நடுவுல இருந்த அத்தனை வருஷமும் அதை யூஸ் பண்ணவன் தப்பா யூஸ் பண்ணவே இல்ல, பெட்ரோல் போட்டான், வண்டி ஓட்டினான், அவ்ளோதான். சரியா பயன்படுத்தினாலே கெடுதல் வர்ற பொருளை டிசைன் பண்ணிட்டு யூஸ் பண்றவன் மேல பழியை போட முடியாது. யாராவது "டெக்னாலஜி நடுநிலையானது"ன்னு சொன்னா நான் கேக்குறது இதுதான்: அதை செஞ்சவனுக்கு முன்னாடியே தெரியுமா தெரியாதா?

3. மனுஷங்க மேல ஆராய்ச்சி பண்ண ரூல்ஸ் எல்லாம் எப்ப வந்துச்சு?

கைதிகள் மேல கொடூரமா ஆராய்ச்சி பண்ண நாஜி டாக்டர்கள் மேல நடந்த வழக்கோட தீர்ப்புல, 1947-ல வந்த நியூரம்பெர்க் விதிகள்தான் பெரிய தொடக்கம். அதுல முதல் விதியே, ஆராய்ச்சிக்கு உட்படுறவர் தானா விரும்பி சம்மதிக்கணும்ங்கிறது. இதுல கொடுமை என்னன்னா, அந்த தீர்ப்பை எழுதுனது அமெரிக்க நீதிபதிகள், மேல சொன்ன டஸ்கீகி அதுக்கப்புறமும் 25 வருஷம் அமெரிக்காவுலயே ஓடிட்டு இருந்துச்சு. விதி எழுதுறது ஒண்ணு, அது நமக்கும்தான்னு நினைக்கிறது வேற.

1964-ல டாக்டர்களுக்குன்னு உலக மருத்துவ சங்கம் போட்ட ஹெல்சிங்கி அறிக்கை வந்துச்சு. டஸ்கீகி வெளிய வந்து நாறின பிறகு 1974-ல அமெரிக்காவுல தனி சட்டம், 1979-ல பெல்மான்ட் அறிக்கை. அது சொல்றது மூணு விஷயம்: மனுஷனை மதி, நல்லது நடக்குற மாதிரி பாத்துக்கோ, ஆராய்ச்சியோட சுமையும் பலனும் நியாயமா பங்கு பிரியணும். மூணாவதை மட்டும் எல்லாரும் வசதியா மறந்துடுறாங்க.

4. அதான் எல்லா ஆப்லயும் "ஐ அக்ரீ" அமுக்குறோமே, அது சம்மதம் தானே?

சட்டப்படி பல இடத்துல ஆமா. நியாயப்படி எனக்கு ஒப்பல. ஆஸ்பத்திரியில ஒரு மருந்து சோதனைக்கு கையெழுத்து வாங்கணும்னா என்ன குடுக்கப் போறோம், என்ன ஆபத்து, எப்ப வேணா விலகிக்கலாம், விலகினாலும் உங்களுக்கு பாக்குற வைத்தியம் குறையாது, இதையெல்லாம் சொல்லியாகணும். ஆப்ல இருக்குறது 40 பக்கம் வக்கீல் பாஷை, அமுக்கலைன்னா உள்ள விடமாட்டான்.

ஃபேஸ்புக் பண்ணதை பாருங்க. 2012 ஜனவரியில ஒரு வாரம், 6,89,003 பேரோட ஃபீட்ல சந்தோஷமான போஸ்ட்டையோ சோகமான போஸ்ட்டையோ குறைச்சு காட்டி, அவங்க எழுதுற வார்த்தை மாறுதான்னு சோதிச்சாங்க. அதுல ஒருத்தருக்கும் தகவல் சொல்லல. 2014-ல கட்டுரை வெளிய வந்தப்ப தான் உலகத்துக்கே தெரிஞ்சுது. "டேட்டா பாலிசிக்கு ஒத்துக்கிட்டு தானே அக்கவுன்ட் ஆரம்பிச்சீங்க"ன்னாங்க. அந்த சோதனையால வந்த மாற்றம் ரொம்ப ரொம்ப சின்னதுதான், அதையும் சொல்லணும். ஆனா அந்த ஆறு லட்சம் பேர்ல அன்னைக்கு ஏற்கனவே மனசு உடைஞ்சு கிடந்தவங்க எத்தனை பேர்னு பாக்குறதுக்கு யாருமே இல்லையே, அதுதான் என் ஆட்சேபணை.

5. என்கிட்ட மறைக்க ஒண்ணுமே இல்ல. என் டேட்டா போனா போகட்டும், என்ன இப்ப?

நீங்க எந்த தப்பும் பண்ணலைங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வேலைக்கு எடுக்குறவர், இன்சூரன்ஸ் குடுக்குறவர், நாளைக்கு ஆட்சிக்கு வர்ற ஆள், இவங்க எதை தப்புன்னு நினைப்பாங்கன்னு உங்களுக்கு இன்னைக்கு தெரியாது.

"பேரை எடுத்துட்டுத்தான் குடுக்குறோம்"னு சொல்றதையும் அப்படியே நம்பிடாதீங்க. 1990-கள்ல மாசசூசெட்ஸ் மாகாணத்துல அரசு ஊழியர்களோட ஆஸ்பத்திரி ரெக்கார்டை பேர், முகவரி எல்லாம் எடுத்துட்டு, பின்கோடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணாங்கிறதை மட்டும் விட்டு வெச்சு ஆராய்ச்சிக்குன்னு குடுத்தாங்க. அங்க கவர்னரா இருந்த வில்லியம் வெல்ட் யார் ரகசியமும் போகாதுன்னு உறுதி சொன்னார். அப்ப மாணவியா இருந்த லட்டான்யா ஸ்வீனி 20 டாலர் குடுத்து, கவர்னர் குடியிருந்த கேம்பிரிட்ஜ் ஊரோட வாக்காளர் பட்டியலை வாங்கினாங்க. கவர்னரோட பிறந்த தேதியில அந்த ஊர்ல ஆறு பேர், அதுல ஆம்பளைங்க மூணு பேர், அவர் பின்கோடுல ஒரே ஒருத்தர். முடிஞ்சுது, அவரோட மருத்துவ ரெக்கார்ட் கையில. பின்கோடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா, இந்த மூணை மட்டும் வெச்சே அமெரிக்கர்கள்ல 87 சதவீதம் பேரை தனியா அடையாளம் காட்டலாம்னு பின்னாடி கணக்கு போட்டாங்க.

6. எச்சில் அனுப்பி டிஎன்ஏ டெஸ்ட் பண்றாங்களே, முன்னோர் யாருன்னு சொல்லுவாங்களாம். சும்மா ஜாலிக்கு எடுக்கலாமா?

எடுக்குறதும் எடுக்காததும் உங்க இஷ்டம், ஆனா இது மத்த டேட்டா மாதிரி கிடையாது. பாஸ்வேர்ட் லீக் ஆனா மாத்திடலாம், ஜீனை மாத்த முடியாது. அதைவிட முக்கியம், அந்த டிஎன்ஏ உங்களோடது மட்டும் இல்ல. பாதி உங்க அம்மாவோடது, பாதி அப்பாவோடது, கூடப்பிறந்தவங்களோட பாதிக்கு பாதி ஒத்துப்போகும். டியூப்ல துப்புனது நீங்க, சம்மதம் குடுத்தது நீங்க, வெளிய போறது குடும்பமே.

இப்படி டெஸ்ட் பண்ற 23அண்ட்மீ கம்பெனிக்கு நடந்ததே சாட்சி. 2023-ல ஹேக்கருங்க நேரடியா நுழைஞ்சது சுமார் 14,000 அக்கவுன்ட்லதான், அதுவும் வேற சைட்ல லீக் ஆன பாஸ்வேர்டை இங்க போட்டு பாத்து. ஆனா சொந்தக்காரங்களை கண்டுபிடிச்சு காட்டுற வசதி அதுல இருந்ததால அந்த வழியா சுமார் 69 லட்சம் பேரோட தகவல் போயிடுச்சு. 2025 மார்ச்ல கம்பெனி திவால் மனு போட்டப்ப, வாங்க வர்றவன் கைக்கு இந்த டேட்டாவும் சேர்ந்து போகுமான்னு பெரிய சண்டையே நடந்துச்சு. நீங்க ஒத்துக்கிட்ட பாலிசி ஒரு கம்பெனியோடது, அந்த கம்பெனியே நாளைக்கு வேற ஆள் கையில.

7. ஆனா அதே டிஎன்ஏ சைட்டை வெச்சுத்தானே பல வருஷம் மாட்டாத கொலைகாரனை பிடிச்சாங்க? அது நல்லதுதானே?

நல்லதுதான், அதுல சந்தேகமே வேணாம். கலிபோர்னியாவுல 1970, 80-கள்ல வரிசையா கொலையும் பாலியல் வன்முறையும் பண்ணவனை 2018 ஏப்ரல்ல பிடிச்சாங்க, பாத்தா அவன் முன்னாள் போலீஸ். பழைய தடயத்துல இருந்த டிஎன்ஏவை ஜெட்மேட்ச்ங்கிற வம்சாவளி சைட்ல போட்டு, தூரத்து சொந்தக்காரங்களை கண்டுபிடிச்சு, அங்கிருந்து குடும்ப மரம் வரைஞ்சு வரைஞ்சு அவன்கிட்ட போனாங்க. அவன் எங்கயும் எச்சில் அனுப்பல.

இப்ப அந்த கடைசி வரியை நல்லவங்களுக்கும் போட்டு பாருங்க. அதே வருஷம் சயின்ஸ் இதழ்ல வந்த ஆய்வுப்படி, சுமார் 13 லட்சம் பேர் இருக்குற ஒரு டேட்டாபேஸை வெச்சு, ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்கள்ல 60 சதவீதம் பேருக்கு ஒரு தூரத்து சொந்தமாவது சிக்கிடும். அப்ப டெஸ்ட் எடுக்காத ஆளையும் தேட முடியும். எந்த குத்தத்துக்கு தேடலாம், கோர்ட் உத்தரவு வேணுமா வேணாமான்னு யாரு முடிவு பண்ணினாங்க? அந்த கேஸ் நடந்தப்ப யாருமே முடிவு பண்ணல. அதுக்கு அடுத்த வருஷம்தான் அந்த சைட், போலீஸ் தேட நீங்களா சம்மதிச்சா மட்டும்னு விதியை மாத்துச்சு. விதி எப்பவும் ஒரு பஸ் லேட்டாத்தான் வருது.

8. எங்க தாத்தாவுக்கு ஹண்டிங்டன் நோய் இருந்துச்சு. நான் ஜீன் டெஸ்ட் எடுக்கணும்னு நினைக்கிறேன், அம்மா வேணவே வேணாம்ங்கிறாங்க. என் உடம்பு, என் முடிவு தானே?

இந்த பக்கத்துலயே எனக்கு பதில் சொல்ல கஷ்டமா இருக்குறது இதுதான். ஹண்டிங்டன் மூளையை கொஞ்சம் கொஞ்சமா அழிக்கிற நோய், பெரும்பாலும் 30லிருந்து 50 வயசுக்குள்ள தெரிய ஆரம்பிக்கும், குணப்படுத்த வழி இல்ல. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு சரி பாதி. அந்த ஜீனை 1993-ல கண்டுபிடிச்சாங்க, டெஸ்ட் தெளிவா சொல்லிடும், அப்படி இருந்தும் ஆபத்துல இருக்குறவங்கள்ல பெரும்பாலானவங்க எடுக்குறதில்ல. உங்க அம்மா ஏதோ பயந்தாங்கொள்ளித்தனமா பேசுறாங்கன்னு தயவு செஞ்சு நினைக்காதீங்க. தெரிஞ்சுக்காம இருக்குறதுக்கும் உரிமை உண்டு.

கணக்கை பாருங்க. தாத்தாவுக்கு இருந்ததால அம்மாவுக்கு வாய்ப்பு 50 சதவீதம், உங்களுக்கு 25. உங்களுக்கு "இருக்கு"ன்னு வந்துட்டா அது அம்மா வழியாத்தான் வந்திருக்கணும், அதாவது அம்மா ஒரு சொட்டு ரத்தம் குடுக்காமலே அவங்க ரிசல்ட்டும் வந்துடுச்சு. "இல்ல"ன்னு வந்தா உங்களுக்கு நிம்மதி, அம்மாவுக்கு வாய்ப்பு மூணுல ஒண்ணா குறையும், ஆனா முழுசா போகாது.

சட்டப்படியும் மருத்துவ முறைப்படியும் வயசுக்கு வந்த உங்க முடிவுதான் முதல்ல நிக்கும். நான் சொல்றது, ரத்தம் குடுக்குறதுக்கு முன்னாடியே ஒரு ஜெனடிக் கவுன்சிலரை பாருங்க, முடிஞ்சா அம்மாவையும் கூட்டிட்டு போங்க, ரிசல்ட் வந்தா அவங்ககிட்ட சொல்றதா வேணாமான்னு அங்கயே பேசி வெச்சுக்கோங்க. எடுத்துட்டு மறைச்சுக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, பெத்தவங்க மூஞ்சியை பாத்தே கண்டுபிடிச்சிடுவாங்க.

9. ஜீன் எடிட்டிங் சரியா தப்பா, ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில முடியாது, ரெண்டு கதையில சொல்றேன். ஜீனை வெட்டித் திருத்துற கிறிஸ்பர்ங்கிற முறையை 2012-ல வெளியிட்ட டவுட்னா, ஷார்பான்டியே ரெண்டு பேருக்கும் 2020-ல நோபல் கிடைச்சுது. அதே முறையை வெச்சு செஞ்ச கேஸ்ஜெவி மருந்துக்கு 2023 நவம்பர்ல பிரிட்டன்ல அனுமதி கிடைச்சுது, சிக்கிள் செல்ங்கிற பரம்பரை ரத்த நோய்க்கு. நோயாளியோட எலும்பு மஜ்ஜை செல்லை வெளிய எடுத்து, திருத்தி, திரும்ப உள்ள விடுறாங்க. அவருக்கு தெரியும், அவர் கேட்டார், மாற்றம் அவரோட நின்னுடும்.

இன்னொரு கதை ஹ ஜியான்க்வி. சீன விஞ்ஞானி, 2018 நவம்பர்ல எச்ஐவி தொத்தாம இருக்க கருவுலயே ஜீனை திருத்தி இரட்டைக் குழந்தைங்க பிறக்க வெச்சதா அறிவிச்சார். எச்ஐவி பிள்ளைக்கு தொத்தாம தடுக்க வேற பாதுகாப்பான வழி ஏற்கனவே இருக்கு, அப்புறம் எதுக்கு? நினைச்ச மாதிரி திருத்தமும் சரியா நடக்கல. இந்த மாற்றம் அந்த பிள்ளைங்களோட பிள்ளைங்களுக்கும் போகலாம், அவங்க யார்கிட்டயும் சம்மதம் கேக்கவே முடியாது. 2019 டிசம்பர்ல மூணு வருஷ ஜெயில் போட்டாங்க. என் கோடு இங்கதான்: ஒரு ஆளோட முடியுற திருத்தம் ஓகே, வம்சத்துக்கே போற திருத்தம் இப்போதைக்கு வேணாம். ஆனா முதல் கதையிலயும் ஒரு இடி இருக்கு, அமெரிக்காவுல அந்த மருந்தோட விலை 22 லட்சம் டாலர். சிக்கிள் செல் அதிகம் இருக்குறதோ ஆப்பிரிக்காவுல. பெல்மான்டோட மூணாவது பாயிண்டை மறந்துடுறாங்கன்னு சொன்னேனே, அது இதுதான்.

10. அப்ப புத்திசாலி பிள்ளை, உயரமான பிள்ளைன்னு ஆர்டர் பண்ணி வாங்குற காலம் வந்துடுமா?

உயரத்துக்கே ஆயிரக்கணக்கான ஜீன் மாற்றங்கள் கொஞ்சம் கொஞ்சமா பங்கு போடுது, புத்திக்கு கேக்கவே வேணாம். அப்படி ஆர்டர் எடுக்குறேன்னு யாராவது சொன்னா காசை கையிலயே வெச்சுக்கோங்க.

11. டெஸ்ட் ட்யூப் பேபிக்கும் இப்படித்தான் கூச்சல் போட்டாங்க, இப்ப அது சாதாரணம். எல்லாத்துக்கும் கொஞ்ச நாள்ல பழகிடுவோம், எதுக்கு வீணா தடை போடணும்?

நல்ல கேள்வி. 1978 ஜூலை 25 அன்னைக்கு முதல் டெஸ்ட் ட்யூப் பேபி லூயிஸ் பிரவுன் பிறந்தப்ப உலகமே முடிஞ்சு போச்சுங்கிற மாதிரி எழுதினவங்க உண்டு, அப்புறம் 2010-ல அந்த முறையை உருவாக்கின ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு நோபலே குடுத்தாங்க. அவங்க பயம் தப்பாப் போச்சு, ஒத்துக்கணும்.

ஆனா நாம அதுக்கு சும்மா பழகிடலையே. பிரிட்டன்ல 1984-ல வார்னாக் கமிட்டி உக்காந்து, ஆய்வுக்கூடத்துல கருவை 14 நாளுக்கு மேல வளர்க்கக்கூடாதுன்னு சொன்னாங்க, 1990-ல அதை சட்டமாவே ஆக்கினாங்க. கூச்சல் போட்டவங்க இருந்ததாலதான் கமிட்டி வந்துச்சு, கோடு வந்துச்சு, அந்த கோடு இருந்ததால ஜனங்களுக்கு நம்பிக்கை வந்துச்சு. ஈய பெட்ரோலுக்கும் நாம பழகித்தான் இருந்தோம், 2-வது பதிலை பாருங்க.

12. மனுஷன்தான் ஆள் பாத்து பாரபட்சம் காட்டுவான், கம்ப்யூட்டருக்கு என்ன சாதி நிறம் தெரியும்?

நிறம்னு ஒரு கட்டமே இல்லாத டேட்டாவுலயும் நிறம் ஒளிஞ்சிருக்கும். அமெரிக்க ஆஸ்பத்திரிகள்ல யாருக்கு கூடுதல் கவனிப்பு வேணும்னு மார்க் போடுற ஒரு சாஃப்ட்வேரை 2019-ல சயின்ஸ் இதழ்ல அலசியிருந்தாங்க. அதுல இனம் சேர்க்கவே இல்ல. "இவருக்கு வருஷத்துக்கு எவ்ளோ செலவாகும்"ங்கிறதை வெச்சு "இவர் எவ்ளோ நோயாளி"ன்னு ஊகிச்சுது. கறுப்பின நோயாளிங்களுக்கு காலங்காலமா குறைவாத்தான் செலவு பண்ணியிருக்காங்க, அதனால மெஷின் "இவங்க ஆரோக்கியமாத்தான் இருக்காங்க"ன்னு எடுத்துக்கிச்சு. அந்த தவறை சரி பண்ணினா, கூடுதல் கவனிப்பு கிடைக்கிறவங்கள்ல கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்துல இருந்து 46.5 சதவீதமா ஏறும்னு கணக்கு வந்துச்சு.

மனுஷன் பாரபட்சம் காட்டினா சண்டை போடலாம். மெஷின் காட்டினா "சிஸ்டம் அப்படித்தான் சொல்லுது"ன்னு முடிச்சிடுவாங்க. எனக்கு அதுதான் பெரிய பயம்.

13. தானா ஓடுற கார், குறுக்க வந்த கிழவரை இடிக்கணுமா குழந்தையை இடிக்கணுமா?

இந்த மாதிரி புதிரை 1967-ல பிலிப்பா ஃபுட்ங்கிற தத்துவவாதி ஒரு கட்டுரையில போட்டாங்க, அப்ப இருந்து ஜனங்க விடாம விளையாடுறாங்க. உண்மையில நடந்தது வேற மாதிரி. 2018 மார்ச்ல அரிசோனாவுல ஊபரோட சோதனை கார் இடிச்சு சைக்கிளை தள்ளிட்டு ரோட்டை கடந்த ஒரு பெண் செத்துப்போனாங்க. கார் யாரை கொல்லலாம்னு யோசிக்கவே இல்ல. அவங்களை வண்டிங்குது, சைக்கிள்ங்குது, ஏதோ பொருள்ங்குது, மாத்தி மாத்தி அடையாளம் போட்டுட்டே இருந்துச்சு. கார்ல ஏற்கனவே இருந்த அவசர பிரேக் வசதியை வேற ஆஃப் பண்ணி வெச்சிருந்தாங்க, உள்ள இருந்த ஆபரேட்டர் போன்ல ஷோ பாத்துட்டு இருந்தார். கடைசியில குற்ற வழக்கு அந்த ஆபரேட்டர் மேல மட்டும்தான், கம்பெனி மேல இல்ல. கிழவரா குழந்தையான்னு பட்டிமன்றம் நடத்துறதை விட, பிரேக்கை ஆஃப் பண்ண சொன்னது யாருன்னு கேளுங்க.

14. சாட்பாட்கிட்ட மனசு விட்டு பேசுறேன், நிம்மதியா இருக்கு. இதுல என்ன தப்பு?

நிம்மதி கிடைக்கிறதுல தப்பே இல்ல, இது மனுஷ சுபாவம். 1966-ல ஜோசப் வைசன்பாம் எலிசான்னு ஒரு சின்ன புரோகிராம் எழுதினார், நாம சொல்றதையே கேள்வியா திருப்பிப் போடும், அவ்ளோதான் அதுக்கு தெரியும். அது எப்படி வேலை செய்யுதுன்னு கூடவே இருந்து பாத்த அவரோட செக்ரட்டரியே, "நீங்க கொஞ்சம் வெளிய போறீங்களா, நான் இதுகிட்ட பேசணும்"னு கேட்டாங்களாம். நீங்க சொல்ற ரகசியம் எங்க போய் சேருதுன்னு மட்டும் பாத்துக்கோங்க (4, 5 ரெண்டும் இதுக்கும் பொருந்தும்). உயிர் மேலயே வெறுப்பு வர்ற அளவுக்கு மனசு கனமா இருந்தா மட்டும் உடனே ஒரு மனுஷன்கிட்ட பேசுங்க.

15. ஆபத்தான ஆராய்ச்சியை மொத்தமா நிறுத்தச் சொல்லிட்டா பிரச்சினை தீர்ந்துச்சுல்ல?

தற்காலிகமா நிறுத்தின வரலாறு இருக்கு. ஒரு உயிரோட டிஎன்ஏவை இன்னொண்ணுல ஒட்டுற முறை வந்தப்ப, பால் பெர்க் மாதிரி அதை செஞ்ச விஞ்ஞானிகளே "கொஞ்சம் பொறுங்க"ன்னு நிறுத்தி, 1975 பிப்ரவரியில கலிபோர்னியாவுல இருக்குற அசிலோமர்ல கூடி பாதுகாப்பு விதி போட்டுட்டு திரும்ப ஆரம்பிச்சாங்க. அதே முறையில செஞ்ச மனித இன்சுலின் 1982-ல மருந்தா வந்துடுச்சு. நிரந்தரமா நிறுத்தியிருந்தா அது இல்ல. ஆனா அந்த கூட்டத்துல லேப் பாதுகாப்பை மட்டும் பேசிட்டு, இதை வெச்சு ஆயுதம் செய்யலாமா, மனுஷ ஜீனை தொடலாமாங்கிறதை எல்லாம் ஒதுக்கி வெச்சுட்டாங்க. 9-வது கேள்வி இன்னைக்கு வரைக்கும் தொங்குறதுல அதுக்கும் பங்கு இருக்கு.

16. அநியாயமா கிடைச்ச அறிவை இப்ப நல்லதுக்கு யூஸ் பண்ணலாமா? தூக்கிப் போட்டா செத்தவங்க திரும்பி வரப்போறாங்களா?

வியன்னாவுல பெர்ன்காஃப்ங்கிற நாஜி டாக்டர் தலைமையில தயாரான உடற்கூறு அட்லஸ் ஒண்ணு இருக்கு. நரம்பெல்லாம் அவ்ளோ துல்லியமா இருக்கும். நாஜி காலத்துல அந்த உடற்கூறு துறைக்கு மரண தண்டனையில கொல்லப்பட்டவங்களோட உடல் 1,377 போச்சுன்னு வியன்னா பல்கலைக்கழகமே 1990-கள் கடைசியில விசாரிச்சு சொல்லுச்சு. ஆனா சிக்கலான நரம்பு ஆபரேஷன் நடுவுல அதைத் திறந்து பாக்குற சர்ஜன்கள் இன்னும் இருக்காங்க. அந்தப் படத்தால ஒரு ஆளோட கை பிழைக்கும்னா நானும் திறக்கத்தான் சொல்லுவேன், ஆனா அது எங்கிருந்து வந்துச்சுன்னு நோயாளிக்கும் படிக்கிற மாணவருக்கும் சொல்லிட்டு.

ஹென்ரியட்டா லாக்ஸ் விஷயம் இன்னும் சிக்கல், ஏன்னா அதுல பணமும் இருக்கு. 1951-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில புற்றுநோய்க்கு வந்த கறுப்பினப் பெண், கேக்காமலே எடுத்த அவங்க செல்கள்தான் ஹீலா, போலியோ தடுப்பூசியில இருந்து இன்னைக்கு வரைக்கும் உலகம் முழுக்க லேப்ல வளருது. அவங்க அதே வருஷம் 31 வயசுல போயிட்டாங்க, குடும்பத்துக்கு விஷயம் தெரிஞ்சதே 1970-கள்ல. 2013-ல ஹீலாவோட முழு ஜீனோமையும் குடும்பத்தைக் கேக்காம வெளியிட்டாங்க, 6-வதுல சொன்ன அதே சிக்கல், பேரப்பிள்ளைங்க ஜீனும் அதுல இருக்கே. எதிர்ப்பு வந்ததும் எடுத்துட்டாங்க. அப்புறம் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் குடும்பத்தோட உக்காந்து பேசி ஒரு ஏற்பாடு பண்ணுச்சு: அந்த டேட்டா வேணும்ங்கிற விஞ்ஞானி விண்ணப்பம் போடணும், அதை பரிசீலிக்கிற கமிட்டியில லாக்ஸ் குடும்பத்து ஆளுங்களும் இருப்பாங்க. அந்த செல்களை வித்து சம்பாதிச்ச ஒரு பெரிய கம்பெனியோட 2023-ல சமரசமும் ஆச்சு, தொகை வெளிய சொல்லல. செல்களை யாரும் தூக்கிப் போடல, போடவும் வேண்டாம். 62 வருஷம் கழிச்சாவது அந்த குடும்பத்தை மேஜையில உக்கார வெச்சாங்க, நியாயம்னு நான் எதிர்பாக்குறது அந்த அளவுதான்.